சூடேறும் இருக்கை

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சில விடியற்காலைகளில் புல்வெளிகளிலும் மரக்கறித் தோட்டங்களிலும் உறைபனி வெள்ளையாகப் படிந்துவிடும். மறுநாள் பத்திரிகையில் அந்தப் படம் வந்தே தீரும். செய்தியாளனாக இருந்த காலத்தில் அத்தகைய படங்களுக்குக் கீழே போடும் குறிப்புகளை நானும் எழுதியிருக்கிறேன். கனடாவிலும் நோர்வேயிலும் வாழும் நண்பர்கள், "இதுவெல்லாம் ஒரு குளிரா?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அங்கே கதவைத் திறந்து உள்ளே போனால் வெப்பம் இருக்கிறது. எங்கள் ஊரில் வெளியே என்ன குளிரோ உள்ளேயும் ஏறத்தாழ அதே குளிர்தான். மழையில் நனைந்த உடம்புக்கு அது போதும்.

இந்தக் குளிரை வெல்வதற்கு மலையகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வழி இருந்தது. துரைமார் பங்களாக்களில் புகைபோக்கியுடன் கணப்பு அடுப்பு. 1876இல் தோன்றிய ஹில் கிளப்பில் இரவு படுக்கைக்குள் வெந்நீர்ப் போத்தல் வைப்பது பெயர்பெற்ற வழக்கம். லயத்துக் காம்பராவில் புகைபோக்கி இல்லாத அடுப்பு. அதற்குள் கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறு. புகை கண்ணைக் கரிக்கும். ஆனாலும் அடுப்பங்கரைதான் வீட்டிலேயே நல்ல இடம். அதற்கு அடுத்தபடியாகக் கம்பளி.

கம்பளி என்றவுடன் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. கோப்பிக் காலத்திலும் பின்னர் தேயிலைக் காலத்திலும் தமிழகத்திலிருந்து நடந்து வந்து சேர்ந்த தொழிலாளிக்குத் தோட்டத்தில் கம்பளி கிடைத்தது. "கம்ப்ளி" என்று வெள்ளைக்காரர்கள் தமிழ்ச் சொல்லையே தங்கள் எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். ஆனால் அது இனாம் அல்ல. அதன் விலை கடன் கணக்கில் ஏறிச் சம்பளத்திலிருந்து கழிந்தது. குளிருக்குப் போர்த்திய துணியே கடனாகவும் இருந்தது.

சரி, இனிக் காருக்கு வருவோம்.

என் மூத்த அக்காவின் மகன் கொழும்பில் கணினித் துறையில் வேலை செய்கிறான். ஹற்றனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த பையன். அவன் சிறுவனாக இருந்தபோது ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவுக்கு அழைத்துப்போய், மஹகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் போட்டியைத் தேயிலை மேட்டில் நின்று காட்டியவன் நானேதான். 1934இல் தொடங்கிய போட்டி அது. கீழே கார்கள் உறுமிக்கொண்டு வளைவில் ஏறும். மேலே தேயிலைச் செடிகளுக்கிடையே குடும்பம் குடும்பமாக எங்கள் சனம் நிற்கும். அன்று அவனுக்குப் பிடித்த பைத்தியம் முப்பது வருடம் கழித்து வெளிப்பட்டது. வீடு கட்டுவதற்கு முன்னரே, ஓரளவு பழுதான, இரண்டே இருக்கைகள் கொண்ட, கூரையை மடித்துவிடக்கூடிய மஸ்டா ரோட்ஸ்டர் ஒன்றை வாங்கிவிட்டான். 1989இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அந்த முதல் தலைமுறைக் கார். முன்விளக்குகள் தவளைக் கண் போல எழுந்து நிற்கும். இறக்குமதிக்கு வயதெல்லை இருப்பதால் இப்போது அத்தகைய பழைய காரை வெளியிலிருந்து கொண்டுவர முடியாது. நாட்டுக்குள் இருப்பதைத்தான் கைமாற்றிக்கொள்ள வேண்டும்.

"மாமா, சீற்றுக்கு ஹீட்டர் போடப்போறேன்" என்று ஒருநாள் தொலைபேசியில் சொன்னான். கொழும்பு வெயிலில் இருந்துகொண்டு இவனுக்கு என்ன வந்தது என்று எண்ணினேன். உண்மையில், சூடேறும் இருக்கை இலங்கைக்குப் புதிதல்ல. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஜப்பானிலிருந்து ஏராளமாக வந்திறங்கிய சுசுகி வெகன் ஆர் கார்கள் பலவற்றில் ஓட்டுநர் இருக்கைக்கு மட்டும் அந்த வசதி உண்டு. பொத்தான் என்னவென்று அறியாமல் அதை அழுத்திவிட்டு, காருக்கு ஏதோ கோளாறு என்று கராஜுக்கு ஓடியவர்களின் கதைகளைக் கேட்டிருக்கிறேன். அமெரிக்காவில் கடிலாக் நிறுவனம் 1966ஆம் ஆண்டுக் கார்களில் இதை விருப்பத் தேர்வாகக் கொடுத்தது. சுவீடனின் சாப் நிறுவனம் 1971இல் ஓட்டுநர் இருக்கைக்கு இதைப் பொதுவான வசதியாகவே ஆக்கியது. குளிர் நாட்டுக்காரர்கள் கண்டுபிடித்ததில் வியப்பில்லை.

ஆனால் மருமகன் சொன்ன காரணம் வேறு. அந்தக் காரில் ஏற்கனவே இருந்த ஹீட்டர் வேலை செய்யவில்லை. எஞ்சினைச் சுற்றிவரும் சூடான நீரை ஒரு சிறிய ரேடியேற்றருக்குள் விட்டு, அதன்மேல் காற்றை ஊதி உள்ளே அனுப்புவதுதான் கார் ஹீட்டர். அந்தச் சிறிய ரேடியேற்றர் ஒழுகத் தொடங்கியதும், முந்திய உரிமையாளர் காலத்தில் எந்தக் கராஜோ இரண்டு குழாய்களையும் ஒன்றாகச் சேர்த்து மூடிவிட்டிருக்கிறது. கொழும்பில் யாருக்கு ஹீட்டர் தேவை? சமவெளியில் நியாயமான சிக்கனம்தான். நானு ஓயாவுக்கு மேலே வரும்போதுதான் அதன் விலை தெரியும்.

"ஹீட்டரைத் திருத்தாமல் இருக்கைக்கு எதற்குச் சூடு?" என்றேன்.

"அது டேஷ்போர்ட் முழுக்க கழட்டணும் மாமா. சீற்றுன்னா ஒரு நாள் வேலை."

அவன் சொன்னது சரி. ஆனாலும் இந்த இடத்தில் எனக்கும் அவனுக்கும் கருத்து வேறுபாடு. ஹற்றனிலிருந்து தலவாக்கலை, நானு ஓயா வழியாக நுவரெலியா வரும் பாதையில் பயணிக்கும் எவரும் மூடுபனியை அறிவர். உள்ளே இருப்பவர்களின் மூச்சுக்காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிந்து பார்வையை மறைத்துவிடும். அதைப் போக்குவது கண்ணாடியில் அடிக்கும் சூடான, உலர்ந்த காற்று. இருக்கைச் சூடு முதுகை ஆற்றுமே தவிரக் கண்ணாடியைத் துடைக்காது. அந்த வளைவுகளில் ஓட்டுநருக்கு முதலில் வேண்டியது பார்வை, சுகம் பிறகு. இதை நான் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான். கேட்டுக்கொண்டு, அடுத்த வாரமே பஞ்சிகாவத்தையில் இருக்கை ஹீட்டர் வாங்கிவிட்டான் என்பது வேறு விடயம்.

வேலை ஹற்றனில், குஷன் வேலை செய்யும் ஒருவரிடம் நடந்தது. நானும் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஓய்வுபெற்ற பத்திரிகைக்காரனுக்கு வேறென்ன வேலை. ஒவ்வொரு இருக்கைக்கும் இரண்டு மெல்லிய விரிப்புகள். ஒன்று அடிப்பாகத்துக்கு, மற்றது முதுகுக்கு. கரிம இழை நெய்த துணி அது. மின்சாரம் பாய்ந்தால் சூடேறும். நான்கு போல்ட்டுகளைக் கழற்றி இருக்கையை வெளியே எடுத்தார். உறையைக் கடற்பஞ்சோடு பிணைத்திருந்த சிறு கம்பி வளையங்களைக் குறடால் ஒவ்வொன்றாக வெட்டினார். இந்தக் காரில் தலைச்சாய்வுக்குள்ளே ஒலிபெருக்கிகள் இருக்கின்றன. கூரை திறந்து ஓடும்போதும் பாட்டுக் கேட்க வேண்டுமாம். அவற்றின் கம்பிகளைப் பத்திரமாக விலக்கிக்கொண்டார். உறை பஞ்சுக்குள் இழுத்துக் கட்டப்படும் பள்ளங்களின் மேல் விரிப்பு மடியக்கூடாது. மடிந்தால் அந்த இடம் மட்டும் அதிகமாகச் சூடேறும் என்று எனக்கு விளக்கினார். பக்கவாட்டில் காற்றுப் பை உள்ள புதிய கார்களில் தான் கைவைப்பதில்லை என்றும் சொன்னார். எனக்கு அவர்மீது மரியாதை கூடிற்று.

மின்சாரக் கணக்கு சிறியதுதான். ஓர் இருக்கைக்கு ஏறத்தாழ 50 வாட். 12 வோல்ட்டில் அது 4 அம்பியருக்குச் சற்று அதிகம். இரண்டு இருக்கைகளுக்கும் சேர்த்தால் இரண்டு முன்விளக்குகள் எரிவதற்குச் சமம். துணி தேய்க்கும் அழுத்தி 1000 வாட் எடுக்கும்போது 50 வாட் எம்மாத்திரம் என்று தோன்றலாம். உடம்போடு ஒட்டியிருப்பதால் அதுவே போதுமானது. சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும்படி, தனி ரிலேயும் பியூஸும் வைத்து இணைத்தார். நேரடியாகப் பற்றரியிலிருந்து எடுத்தால், அணைக்க மறந்த இரவுக்கு மறுநாள் காலை காரைத் தள்ள ஆள் தேட வேண்டியிருக்கும்.

ஓட்டுநர் இருக்கை முடிந்து மற்ற இருக்கையைக் கழற்றும்போதுதான் மருமகன் மெல்லச் சொன்னான்: "இது அம்மாவுக்கு மாமா."

என் அக்கா முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்தவர். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நின்று, இடுப்பில் படங்கைச் சுற்றி, தலையில் கம்பளியைப் போட்டு, அதன்மேல் கூடையின் கயிற்றை மாட்டிக்கொண்டு மலை ஏறியவர். மழை பெய்தாலும் கொழுந்து நிற்காது. அவர் பறித்த பச்சைக் கொழுந்து தொழிற்சாலைக்குள் போனதும் அதற்குச் சூடான காற்று கிடைத்தது. அவருக்கு மாலை ஆறு மணிக்கு அடுப்பங்கரை. இப்போது முதுகு நேராக நிமிராது. முழங்கால் வலி. நீரிழிவும் சேர்ந்துகொண்டது. மாதந்தோறும் நுவரெலியாவில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பஸ்ஸில் போய்வருவது அவருக்குத் தண்டனை. விடுமுறை எடுத்துத் தானே அழைத்துப்போவது என்று மகன் முடிவெடுத்திருக்கிறான். அந்த ஒன்றரை மணி நேரம் முதுகுக்குச் சூடு கிடைக்கட்டும் என்பது அவன் எண்ணம்.

எண்ணம் நல்லது. ஆனால் நீரிழிவு என்றதும் எனக்கு வேறொரு பயம் வந்தது. நீண்டகால நீரிழிவில் நரம்புகள் உணர்ச்சி குன்றிவிடுகின்றன. அக்காவுக்குக் கால்கள் மரத்துப்போவதாக ஏற்கனவே சொல்லியிருந்தார். தோல் எந்தச் சூட்டில் எவ்வளவு நேரத்தில் வேகும் என்பதை அமெரிக்காவில் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர் ஆராய்ந்து 1947இல் வெளியிட்டார்கள். 44 பாகை செல்சியஸ், நம் கைக்கு இதமாகத் தோன்றும் சூடுதான், ஆறு மணி நேரம் தொடர்ந்து பட்டால் தோல் புண்ணாகும். சூடு கூடக் கூட நேரம் வேகமாகக் குறையும். 60 பாகையில் சில விநாடிகளே போதும். உணர்ச்சியுள்ளவர் சுட்டவுடன் அசைவார், பொத்தானை அணைப்பார். உணர்ச்சி குறைந்தவர் அசைய மாட்டார். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களும் நீரிழிவுக்காரர்களும் கார் இருக்கையிலேயே தீப்புண் பட்ட சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. நீரிழிவுக்காரருக்குப் புண் வந்தால் அது ஆறுவது எவ்வளவு கடினம் என்பதை வீட்டில் ஒருவராவது அந்த நோயுடன் இருக்கும் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வாங்கிய விரிப்பில் வெப்பக் கட்டுப்பாடு இருந்தது. ஆனால் எத்தனை பாகையில் அணையும் என்று பெட்டியில் எழுதியிருக்கவில்லை. குஷன்காரரிடம் சொல்லி, விரிப்பின்மேல் ஒரு வெப்பமானியை வைத்து, அதன்மேல் ஒரு மூட்டை அரிசியையும் வைத்து, அரை மணி நேரம் பார்த்தோம். உயர் நிலையில் 50 பாகையைத் தாண்டிற்று. மருமகன் ஒன்றும் பேசவில்லை. கடைசியில் அக்காவின் பக்கத்துக்கு உயர் நிலைக் கம்பியையே வெட்டிவிட்டு, தாழ் நிலை மட்டும் வேலை செய்யும்படி வைத்தார்கள். அடிப்பாக விரிப்பை இணைக்கவே இல்லை, முதுகுக்கு மட்டும். பொத்தானும் ஓட்டுநர் பக்கம். பத்து நிமிடம் போட்டு அணைப்பது என்று ஒப்பந்தம்.

இதை எழுதும்போது 2022இல் வந்த ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. பி.எம்.டபிள்யூ நிறுவனம் தென்கொரியா உள்ளிட்ட சில நாடுகளில், காருக்குள்ளே ஏற்கனவே பொருத்தியிருக்கும் இருக்கைச் சூட்டைப் பயன்படுத்த மாதச் சந்தா கேட்டது. உலகமே கொதித்தது, 2023இல் நிறுவனம் அந்த யோசனையைக் கைவிட்டது. பணக்காரக் கார்க்காரர்களின் கோபத்துக்கு ஒரு வருடத்தில் பலன் கிடைத்தது. கம்பளிக்கு மாதா மாதம் காசு பிடிக்கப்பட்டவர்கள் யாரிடம் போய்ச் சொல்லியிருக்க முடியும்? தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாவாவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்தது. 2024இல்தான் அது 1350 ரூபாவாயிற்று. இருக்கை ஹீட்டருக்கு மருமகன் கொடுத்த விலையை அக்காவிடம் சொல்ல வேண்டாமென்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டோம்.

போன மாதம் முதல் பயணம். நான் பஸ்ஸில் பின்னால் போனேன். அந்தக் காரில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. நுவரெலியாவில் காத்திருந்து பார்த்தால், காரைவிட்டு அக்காவால் எழும்ப முடியவில்லை. இருக்கை தரையோடு தரையாக இருக்கிறது. முழங்கால் வலிக்காரருக்கு அதிலிருந்து எழுவது கிணற்றிலிருந்து ஏறுவது போல. நானும் மருமகனும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினோம்.

"சூடு எப்படி இருந்திச்சு அக்கா?" என்று கேட்டேன்.

"முதுகுக்கு நல்லாத்தான் இருந்திச்சு தம்பி. அடுப்பங்கரையில ஒக்காந்த மாதிரி. பொகைதான் இல்ல" என்றவர், மகனைப் பார்த்து, "அடுத்த தடவ கொஞ்சம் ஒசரமான வண்டியா பாருப்பா" என்றார்.

அந்தப் பயணத்தில் நானு ஓயாவுக்கு மேலே கண்ணாடி மூடிக்கொண்டதாம். ஒரு கையால் துணி கொண்டு துடைத்தபடியே ஓட்டியிருக்கிறான். ஹீட்டருக்கான சிறு ரேடியேற்றரை இப்போது பஞ்சிகாவத்தையில் தேடிக்கொண்டிருக்கிறான். அது கிடைக்கும்வரை அக்காவை வாடகை வேனில் அழைத்துப்போவதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான்.