மாதம் தெரிந்த பசி

மலேசியாவில் கம்போங் குவாந்தானைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் குளிர்காலம், கோடைக்காலம் என்ற கணக்கு கிடையாது. சிலாங்கூர் ஆற்றங்கரையில் வருடம் முழுக்க ஒரே புழுக்கம். ஆனாலும் எங்களுக்குக் காலங்கள் இருந்தன: மழைக்காலம், இலையுதிர்காலம், கொட்டை வெடிக்கிற காலம், டுரியான் காலம். அவற்றை முதலில் உணர்ந்தது வயிறுதான். வேலை உண்டா, பால் எவ்வளவு இறங்கும், மளிகைக்கடைக்காரர் இன்னும் கடன் தருவாரா என்பதையெல்லாம் பொறுத்து எங்கள் தட்டு மாறியது. தட்டு மாறியபடியே பசியும் மாறியது. அறுபதைத் தாண்டிவிட்ட எனக்கு இன்று சாப்பாட்டுக்குக் குறைவில்லை. நான் ஏங்குவது அந்தப் பசிக்கு.

பால்மரம் வெட்டுகிறவர்கள் விடிவதற்கு முன்பே பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். இருட்டின் குளுமையில்தான் பட்டைக்குள் பாலின் அழுத்தம் அதிகம். வெயில் ஏறிவிட்டால் ஓட்டம் குறைந்துவிடும். ஆளுக்கு 400, 500 மரம். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுவோடு போராடி, மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து முடிக்கும்போது காலை ஒன்பது, பத்து மணி ஆகியிருக்கும். பிறகுதான் மரங்களின் நிரைக்குள் உட்கார்ந்து பசியாறுவார்கள். பள்ளி விடுமுறை நாள்களில் நாங்களும் அம்மாவோடு போவோம். பால் பிடிக்கும் மங்கைத் துடைப்பதும் மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலை உரிப்பதும் எங்கள் வேலை. தூக்கில் பழைய சோறு, நேற்றைய கெம்போங் மீன் குழம்பு சுண்டக் காய்ச்சியது, சுட்ட கருவாடு, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். கையில் ஒட்டுப்பாலின் புளித்த வாடை எவ்வளவு கழுவினாலும் போகாது. அந்தக் கையால் அள்ளிச் சாப்பிட்ட சோற்றின் ருசி அதற்குப் பிறகு எந்த ஊரிலும் எனக்குக் கிடைக்கவில்லை. ஐந்து மணிநேரம் உடம்பு உழைத்துச் சம்பாதித்த பசி அது. அதன் முன்னால் கருவாடே விருந்தாக இருந்தது.

நவம்பர், டிசம்பரில் மழை பிடித்துக்கொள்ளும். பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்டுக்கோட்டில் ஓடாது, மரமெல்லாம் வழிந்து மழைநீரோடு போய்விடும். அதனால் மரம் வெட்ட விடமாட்டார்கள். வேலை இல்லை என்றால் கூலியும் இல்லை. குளிர்ந்த காற்றில் பிள்ளைகளுக்குப் பசி கூடும். கடையில் எங்கள் பெயர் எழுதிய 555 கடன் நோட்டில் பக்கங்களும் கூடும். மரவள்ளிக்கிழங்கை அவித்து, மிளகாய்ச் சம்பலோடு அம்மா பெரிய பாத்திரத்தில் வைப்பார். கால்வாயில் பிடித்த கெளுத்தி கிடைத்தால் அன்று தீபாவளிதான்.

பாட்டி மட்டும் அந்தப் பாத்திரத்துக்கு அருகில் வரமாட்டார். "எனக்கு வேணாம்மா, புள்ளைங்களுக்குக் குடு. ஒரு பிடி சோறு இருந்தா போதும்" என்பார். 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் ஆட்சியில் அரிசி கிடைக்காமல், மூன்று வேளையும் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த தலைமுறை அது. தோட்டத்து ஆண்களில் பலரைச் சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். அப்படிப் போனவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. பாட்டி கிழங்கைப் பார்த்தபோது கண்டது சாப்பாட்டை அல்ல, திரும்பாத முகங்களை. வயதானவர்கள் ஏன் ஒன்றைத் தின்னமாட்டேன் என்கிறார்கள் என்பதை நாக்கை வைத்து மட்டும் விளக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இன்றைக்கு முதியோருக்கு உணவு அட்டவணை எழுதித் தருகிறவர்கள் இதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பொங்கல் முடிந்ததும் இலையுதிர்காலம். பிப்ரவரி, மார்ச்சில் மரங்கள் மொட்டையாகிப் பால் குறையும். சம்பள வாரத்தில் ஆட்டுக்கறி, அடுத்த வாரம் மீன், அதற்கடுத்து கருவாடு, கடைசி வாரம் முருங்கைக்கீரை என்பது தோட்டத்து மாதத்தின் வழக்கமான இறக்கம். இலையுதிர்காலத்தில் அந்தக் கடைசி வாரம் இரண்டு மாதம் நீளும். வீட்டுக்குப் பின்னால் மணத்தக்காளியும் முருங்கையும் வளர்க்காத குடும்பம் அப்போது திண்டாடிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆடி. தமிழ்நாட்டில் ஆடிக்கூழுக்கு ஒரு காரணம் உண்டு. விதைப்புக் காலம், வீட்டில் பழைய தானியம் தீரும் காலம், அம்மனுக்குக் கூழ் ஊற்றி ஊரே பகிர்ந்து குடிக்கும். எங்கள் முன்னோர் அந்த மாதத்தைக் கப்பலில் தங்களோடு கொண்டுவந்துவிட்டார்கள். இங்கேயோ ஆடி பிறக்கும் சமயம் டுரியான் பழுத்து விழுகிற சமயம். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் காலையில் கேழ்வரகுக்கூழ், வெங்காயம், முருங்கைக்கீரைப் பொரியல். மாலையில் கம்பத்து மலாய்க்காரர் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த டுரியான். விலை மலிந்த நாள்களில் அப்பா சுளையைச் சோற்றில் பிசைந்து தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிடுவார். பஞ்ச காலத்துக் கஞ்சியும் காட்டின் கொழுத்த பழமும் ஒரே நாளில் ஒரே வயிற்றில். இந்தியாவில் இருக்கிற தமிழர்களுக்கு இந்த ஆடி கிடைக்காது.

ஆகஸ்டு, செப்டம்பரில் ரப்பர் கொட்டைகள் வெயிலில் படீர் படீரென வெடித்துச் சிதறும். கொட்டை தின்னக் காட்டுப்பன்றிகள் வரும். யாராவது ஒன்றைச் சுட்டுவிட்டால் லயத்து வீடுகளில் பங்கு பிரிப்பார்கள். புரட்டாசி பிறப்பதற்குள் தின்று தீர்த்துவிட வேண்டும் என்று ஓர் அவசரம் இருக்கும். புரட்டாசி முழுக்க மரக்கறி. ஒரு மாதம் அடக்கி வைத்த ஆசையோடு தீபாவளிக்கு நாலைந்து குடும்பம் சேர்ந்து பங்கு ஆடு வெட்டும். அந்தக் கறிக்குழம்பு கொதிக்கும் வாசனையில் வயிறு உண்மையாகவே வலிக்கும்.

மரம் மாறியதும் இதெல்லாம் மாறிப்போனது. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எங்கள் பக்கத்தில்தான், இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் எஸ்டேட்டில், 1917-இல் நடப்பட்டது. ஆனாலும் எங்கள் சிறுவயதுவரை சுற்றிலும் ரப்பர்தான் அதிகம். பிறகு அதை வெட்டிச் செம்பனை போட்டார்கள். செம்பனைக்கு இலையுதிர்காலம் இல்லை, வருடம் முழுக்கக் குலை தள்ளும். ஆள் குறைந்தது, லயங்கள் காலியாயின, பிள்ளைகளாகிய நாங்கள் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் வந்து அடுக்குமாடியில் குடியேறினோம். பேரங்காடியில் எல்லா மாதமும் எல்லாப் பண்டமும் இருக்கிறது. நானும் வாங்குகிறேன், சமைக்கிறேன். எந்த மாதம் என்று என் வயிற்றுக்குத் தெரிவதில்லை.

இதில் வயதின் பங்கும் இருக்கிறது. வயது ஏற ஏற மூக்கு மங்கும், மூக்கு மங்கினால் ருசியில் பெரும்பகுதி போய்விடும். இரைப்பை மெதுவாகவே காலியாகும், நாலு கவளத்தில் நிறைந்த உணர்வு வரும். நீரிழிவு மாத்திரை சிலருக்கு இருக்கிற பசியையும் குறைக்கும். எங்கள் மக்களிடையே அந்த மாத்திரை போடுகிறவர் இல்லாத வீடு எது? 2019-ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு. உழைத்துக் கரைத்த சோற்றை, உழைப்பு நின்ற பிறகும் அதே அளவில் போட்டுச் சாப்பிட்டதும் இதற்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம். 500 மரம் வெட்டிய உடம்புக்கு வைத்த அளவு, நாற்காலியில் உட்காரும் உடம்புக்கு விஷமாகிவிட்டது.

அந்த வறுமை திரும்ப வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். மழை நாளில் கடைக்காரர் முகத்தைப் பார்த்து நின்ற அம்மாவின் கூச்சம் யாருக்கும் வரக்கூடாது. நான் கேட்பது வேறு. உழைப்புக்குப் பிறகு வந்த அந்தப் பசி, காத்திருந்து கிடைத்த அந்த மாதத்து உணவு, நிரைக்குள் நாலு பேரோடு பகிர்ந்த அந்தச் சோறு. தனியாகச் சாப்பிடும்போது எனக்குப் பாதித் தட்டு மீந்துவிடுகிறது. பேரப்பிள்ளைகள் வந்து சுற்றி உட்கார்ந்தால் தட்டு காலியாகிறது. டாக்டரிடம் சொன்னேன், அவரும் ஆமோதித்தார்.

இப்போது கம்போங் குவாந்தானுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரவில் படகேறி பெரெம்பாங் மரங்களில் மின்மினி பார்த்துவிட்டு, பாசிர் பெனாம்பாங்கில் நண்டும் இறாலும் சாப்பிட்டுத் திரும்புகிறார்கள். நல்லதுதான், ஊருக்கு வருமானம். அந்த ஆற்றின் பக்கத்தில் பால் வெட்டியவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று சொல்ல அங்கே எந்தப் பலகையும் இல்லை.

உங்கள் வீட்டில் பால்மரம் வெட்டிய அம்மாவோ பாட்டியோ இன்னும் இருந்தால், அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். எந்த மாதம் என்ன சமைத்தார்கள், எதைத் தொடமாட்டார்கள், ஏன் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இந்த ஆடிக்கே தொடங்குங்கள். அவர்களுக்கு வயது எண்பதைத் தாண்டுகிறது.