பச்சை எது? சிவப்பு எது?

(கணிப்பொறி அறிவியல், மூன்றாம் ஆண்டு)

நான்கு பேர் சேர்ந்து ஒரு வேலையைத் தொடங்கினால் முதலில் தீர்ந்துபோவது பொறுமைதான். சென்ற பருவத்தில் எங்களுக்குக் கொடுத்த புராஜெக்ட், துறை நூலகத்தின் வழங்கல் பதிவேட்டைக் கணிப்பொறிக்கு மாற்றுவது. எதை யார் செய்வது, எது முடிந்தது என்ற சண்டை இரண்டாம் வாரமே வந்துவிட்டது. எங்கள் பேராசிரியர், "சண்டை போடாதீங்கப்பா, ட்ராக் போட்டுப் பாருங்க" என்றார்.

ட்ராக் ஓர் இலவச மென்பொருள். செய்யவேண்டிய ஒவ்வொரு பணிக்கும், திருத்தவேண்டிய ஒவ்வொரு பிழைக்கும் அதில் ஒரு டிக்கெட் உண்டு. டிக்கெட்டுக்கு எண் உண்டு. 'மாஸ்டர் டிக்கெட்ஸ்' என்னும் துணை நிரலை அதனோடு சேர்த்துவிட்டால், இந்தப் பணி எதற்காகக் காத்திருக்கிறது, எதைக் காக்க வைத்திருக்கிறது என்றும் குறித்து வைக்கலாம். உறுப்பினர் பட்டியல் முடியாமல் புத்தகம் வழங்கும் பக்கம் எழுத முடியாது. அது முடியாமல் தாமதக் கட்டணம் கணக்கிட முடியாது. இந்தச் சங்கிலி முழுவதையும் அது படமாகவே காட்டும்.

படத்தை வரைவது கிராஃப்விஸ். அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதிலுள்ள 'டாட்' என்ற நிரலின் வழிமுறையை அதை ஆக்கியவர்கள் 1993-இல் ஒரு கட்டுரையாகவே வெளியிட்டிருக்கிறார்கள். முதலில் எது எந்த அடுக்கில் என்று தீர்மானிக்கும். பிறகு கோடுகள் ஒன்றையொன்று வெட்டாதபடி இயன்றவரை வரிசை மாற்றும். பிறகு இடம் குறிக்கும். கடைசியில்தான் வளைகோடு இழுக்கும். நம் வீட்டுப் பெரியவர்கள் பந்தியில் ஆட்களை உட்கார வைப்பது போலத்தான்!

முடிந்த டிக்கெட்டுக்குப் பச்சை, முடியாததற்குச் சிவப்பு என்பது அதில் முன்கூட்டியே அமைந்த நிறம். அந்தப் பச்சை கண்ணைக் கூசும் பச்சை. எனக்குப் பிடிக்கவில்லை. அமைப்புக் கோப்பைத் திறந்து அடக்கமான கரும்பச்சையாக மாற்றினேன். மேலிருந்து கீழாக இறங்கிய படத்தை, அகலத் திரைக்கு ஏற்றபடி இடமிருந்து வலமாகத் திருப்பினேன். இரண்டே வரி மாற்றம். அன்று மாலை முழுவதும் அதை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை மதிப்பீடு. எங்கள் நால்வரில் ஒருவன், நான் முன்பே முடித்து வைத்த தேடல் பக்கத்தை மூன்று இரவு விழித்து மறுபடி எழுதிக்கொண்டு வந்து நின்றான். அவன் எழுதவேண்டிய, புத்தகம் திரும்பப் பெறும் பக்கம் தொடப்படாமலே கிடந்தது. டிக்கெட்டைத் திறந்தால் முடிந்தது, முடியாதது என்று எழுத்திலேயே இருக்கும். ஆனால் படம் இருக்கும்போது டிக்கெட்டை யார் திறக்கிறார்கள்? ஆய்வகத்தில் பத்துப் பேர் முன்னிலையில் நான் கேட்டேன்: "படத்தைப் பார்க்கக்கூடத் தெரியாதா உனக்கு? கண்ணு எங்கடா இருந்துச்சு?" அவன் பதில் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்து, பேராசிரியரிடம் காட்டுவதற்காக அந்தப் படத்தை அச்செடுத்தேன். ஆய்வகத்து அச்சுப்பொறியில் கறுப்பு மை மட்டும்தான். தாளைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். எல்லாமே ஒரே சாம்பல். எது முடிந்தது, எது முடியவில்லை? எனக்கே தெரியவில்லை.

அவன் பின்னால் நின்றிருந்தான். "எனக்குத் தினமும் அப்படித்தான் மாப்ளே தெரியுது" என்றான்.

தேநீர்க் கடையில் உட்கார்ந்து மீதியைச் சொன்னான். "முன்னாடி ஒண்ணு பளிச்சுனு இருக்கும், இன்னொண்ணு மங்கலா இருக்கும். பளிச்சுனு இருந்தா முடிஞ்சதுன்னு வெச்சுக்குவேன். நீ மாத்துனதுக்கப்புறம் ரெண்டும் ஒண்ணாயிடுச்சு."

"சொல்லியிருக்கலாமேடா?"

"சொன்னா, ஆளாளுக்குச் சட்டையைக் காட்டி இது என்ன கலரு, அது என்ன கலருன்னு கேப்பீங்க. பள்ளிக்கூடத்துலயே பாத்தாச்சு."

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்ணத்தைச் சாம்பலாக்கும் வழக்கமான கணக்கில் சிவப்புக்கு 30 விழுக்காடு, பச்சைக்கு 59, நீலத்துக்கு 11. முழுச் சிவப்பின் அளவு 255. அது 76 ஆகிறது. பழைய பச்சையின் அளவும் 255. அது 150 ஆகிறது. நான் போட்ட கரும்பச்சையின் அளவு 128. அது 75! அவன் பற்றிக்கொண்டிருந்த ஒரே வேறுபாட்டை நான்தான் அழகு என்று சொல்லித் துடைத்திருக்கிறேன்.

அணுக் கொள்கை தந்த ஜான் டால்டனுக்கும் இந்தக் குறை உண்டு. தம் கண்ணுக்கு நிறங்கள் தெரியும் விதத்தைப் பற்றி 1794-இல் மான்செஸ்டரில் அவரே ஒரு கட்டுரை படித்தார். பரம்பரையாக வருவது, பெண்களைவிட ஆண்களிடமே மிகுதி. இதெல்லாம் பாடத்தில் படித்து மதிப்பெண் வாங்கியவன்தான் நான்.

மறுநாள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தோம். துணை நிரலின் அமைப்பில் நிறத்தையும் திசையையும் மாற்ற முடிந்தது. வடிவத்தை மாற்ற அதன் பைத்தான் நிரலுக்குள்ளேயே கைவைக்க வேண்டியிருந்தது. முடிந்தவற்றைப் புள்ளிக்கோட்டு நீள்வட்டம் ஆக்கினோம். முடியாதவற்றைத் தடித்த கோட்டுப் பெட்டி ஆக்கினோம். உள்ளே நிறமே இல்லை. நான் அத்தோடு போதும் என்றேன். அவன் விடவில்லை. "முடிஞ்சது எது, முடியாதது எதுன்னு யாருக்கு வேணும்? இன்னிக்கு எதுல கை வைக்கலாம், அதைச் சொல்லு" என்றான். முந்தைய பணிகள் எல்லாம் முடிந்து, தான் மட்டும் முடியாமலிருக்கும் டிக்கெட்டுக்கு இரட்டைக் கோடு என்று அவனே எழுதினான். ஏழெட்டு வரிதான். நாற்பதுக்கும் மேற்பட்ட டிக்கெட்டுகளில் ஐந்து மட்டும் இரட்டைக் கோட்டோடு எழுந்து நின்றன.

அதில் ஒன்று என் பெயரில் இருந்தது. பதினொரு நாளாக நான் தொடாமல் வைத்திருந்த உறுப்பினர் பட்டியல் திருத்தம். அதிலிருந்து புறப்பட்ட ஓர் அம்பு, அவன் எழுதவேண்டிய திரும்பப் பெறும் பக்கத்தில் போய் முடிந்தது.

அவன் அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பத்துப் பேர் முன்னிலையில் எதுவும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "திற, முடிச்சிடலாம்" என்றான்.