சுட்டது ஒன்று, கெட்டது ஒன்று

பழவேற்காடு,
ஞாயிறு மத்தியானம்.

அடி கண்ணு,

நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். உன் லேப்டாப் செத்துப்போச்சு, சார்ஜர் சொருகுற பக்கம் கை வைக்க முடியாத சூடு, கடைக்காரர் "போர்டு போச்சு, புதுசு வாங்கிக்கோங்க"ன்னு கையை விரிச்சுட்டார். அவ்வளவுதானே? அதுக்கா இந்த அழுகை? போன்ல பேசினா நடுவுல உன் மாமியார் கூப்பிடுவாங்க, நீ ஓடிடுவே. அதனால எழுதியே அனுப்புறேன். வீட்டுல யாரும் இல்லாத நேரமாப் பாத்துப் படி, நடுநடுவே ஊர் வம்பும் இருக்கு.

எங்க மகளிர் குழு லேப்டாப்புக்கும் இதே வியாதிதான் வந்தது. பனை ஓலைக் கூடை ஆர்டர், யாருக்கு எவ்வளவு கடன், யார் தவணை பாக்கி, எல்லாம் அதுக்குள்ளே. பாக்கி வச்சிருந்தவங்க மட்டும் அது செத்த சேதி கேட்டு அவ்வளவா வருத்தப்படலை, அதையும் சொல்லிடறேன். மத்தவங்க ஆளுக்கொரு குற்றவாளியைப் பிடிச்சுட்டாங்க. பொருளாளர் மகன் அதுல கேம் விளையாடினான், அதான் வெந்துபோச்சுன்னு ஒரு கட்சி. லோ வோல்டேஜ்னு ஒரு கட்சி. உப்புக் காத்துன்னு ரிட்டயர்டு வாத்தியார். கோட்டைக்குப்பத்துப் பெரியம்மா ஒருத்தங்க ராக்கெட் அதிர்ச்சிதான்னு சத்தியமே பண்ணாங்க. ஸ்ரீஹரிகோட்டா பக்கத்துல இருந்தா எல்லாத்துக்கும் ராக்கெட் மேலதானே பழி! 2025 ஜனவரி 29 விடியக்காலையில அங்கிருந்து நூறாவது ராக்கெட் போனப்போ எங்க வீட்டு ஜன்னல் ஆடினது நிஜம்தான். ஆனா அந்த ராக்கெட் ஒழுங்காத்தான் போச்சு. அது சுமந்துபோன செயற்கைக்கோள்லதான் வால்வு திறக்காம, போகவேண்டிய பாதைக்கு ஏத்த முடியாமப் போச்சு. அத்தனை பெரிய வேலையே ஒரு வால்வுல நிக்குதுன்னா நம்ம லேப்டாப் எந்த மூலை?

கடைசியில பழி பொருளாளர் மகன் தலையிலதான் விடிஞ்சது. எட்டாவது படிக்கிற பிள்ளைடி. நான் போய் குறுக்கே நிக்கலைன்னா அவங்க அம்மா முதுகைப் பழுக்க வச்சிருப்பா.

முதல்ல பட்டணத்துல ஒரு கடையில கொடுத்தோம். எந்தக் கடைன்னு கேக்காதே. திருப்பித் தந்தப்போ கூடவே ஒரு சீட்டு: 'மாஸ்ஃபெட் மாற்றப்பட்டது. சிபியு ஷார்ட். போர்டு டெட்.' மாத்தின மாஸ்ஃபெட்டுக்குக் காசு மட்டும் கறாரா வாங்கிட்டாங்க.

அப்புறம்தான் என் அண்ணன் மகன்கிட்ட போச்சு. உனக்கு அவனை ஞாபகம் இருக்கும், உன் கல்யாணத்துல மைக் செட்டைப் பிரிச்சுப் போட்டவன். பிளஸ் டூவுல கவர்மென்ட் கொடுத்த லேப்டாப்பைத்தான் முதமுதல்ல திறந்தான். அந்தத் திட்டமே 2011 செப்டம்பர் 15 அன்னைக்கு நம்ம திருவள்ளூர் மாவட்டம் காக்களூர்லதான் ஆரம்பிச்சது, ஞாபகம் இருக்கா? கூடவே மிக்சி, கிரைண்டர், ஆடு எல்லாம் கொடுத்தாங்கன்னு ஊரே பேசினது. நியூயார்க்ல ரிப்பேர் கடை வச்சிருந்த லூயிஸ் ராஸ்மன்னு ஒருத்தர், போர்டு பழுது பாக்குறதை அப்படியே படம் பிடிச்சு யூடியூப்ல போடுவார். ராத்திரி ராத்திரியா அதைப் பாத்துத்தான் இவன் தேறினான். இப்போ பொண்ணு பாக்குறாங்க. அண்ணி எல்லார்கிட்டயும் "கம்ப்யூட்டர் இன்ஜினியர்"ங்கிறா. இவன் பின்னாலேயே வந்து "ரிப்பேர் கடைங்க"ன்னு உண்மையைப் போட்டு உடைக்கிறான். ரெண்டு இடம் அதுலயே தட்டிப்போச்சு.

சீட்டைப் படிச்சதும் சிரிச்சான். "சுடுறவன் எல்லாம் திருடனா அத்தை?"ன்னான்.

அவன் சொன்னதைக் கேளு. அடாப்டர்ல இருந்து வர்ற 19 வோல்ட் நேரா போர்டுக்குள்ளே போயிடாது. வழியில மாஸ்ஃபெட் இருக்கும், சார்ஜர் ஐசி சொன்னாத்தான் அது திறக்கும். முழுசாத் திறந்த மாஸ்ஃபெட்டோட தடை சில மில்லிஓம்தான், அதனால மூணு ஆம்பியர் ஓடினாலும் பெருசா சுடாது. உள்ளே எங்கேயோ ஷார்ட் இருந்தா கதையே வேற. அடாப்டர் கரண்டைத் தள்ளும், தன்னைக் காப்பாத்திக்க நிறுத்தும், மறுபடி தள்ளும். அதான் அதோட விளக்கு மினுக் மினுக்குன்னு அடிச்சுக்குது. அந்த இழுபறியில மாஸ்ஃபெட் அரைகுறையாத் திறந்து நிக்கும். அப்போ வோல்டேஜும் அதுமேல விழும், கரண்டும் அது வழியாவே ஓடும். ரெண்டையும் பெருக்கினா எத்தனை வாட்டோ, அத்தனையும் அந்தச் சின்ன உடம்புல சூடா இறங்குது. கெட்டது வேற எங்கேயோ. இதை மாத்தி என்ன புண்ணியம்? புதுசும் அதே மாதிரி சுட்டுச்சு.

சிபியு ஷார்ட்னு எழுதினாங்களே, அது இன்னும் வேடிக்கை. சிபியுவுக்குக் கரண்டு கொடுக்கிற பக்கத்து காயில்ல மீட்டரை வச்சா நல்ல போர்டுலயே தடை ரொம்பக் கம்மியாத்தான் காட்டுமாம், சிலதுல ஒரு ஓமுக்கும் கீழே. ஒரு வோல்ட் சுத்துவட்டாரத்துல ஏகப்பட்ட கரண்டு குடிக்கிற சாமான், அப்படித்தான் இருக்கும். மீட்டர் பீப்னு கத்தினதும் இவங்க மரணச் சான்றிதழ் எழுதிட்டாங்க. அதே அளவு 19 வோல்ட் லைன்ல காட்டினாத்தான் ஆபத்து, அங்கே கிலோஓம் கணக்குல நிக்கணும்.

இவன் முதல்ல பேட்டரியைக் கழட்டினான், அடாப்டரை எட்டவே வச்சான். மாஸ்ஃபெட்டுக்கு முன்னாடி அளந்தான், சரியா இருந்தது. பின்னாடி அளந்தான், அரை ஓம்கூட இல்லை. ஆக, காவாலித்தனம் அந்த மாஸ்ஃபெட் வாசலுக்கு உள்ளே. ஃபேன் ஓரமா வெள்ளையும் பச்சையுமா பூத்திருந்தது, நம்ம ஏரிக் காத்தை நாள் முழுக்க உறிஞ்சின உப்பு. வாத்தியார் ஜெயிச்சுட்டார்னு நான் நினைச்சேன். ஈர உப்புப் படலத்துல வோல்டேஜ் நின்னா ரெண்டு முனைக்கும் நடுவுல உலோகம் இழையா வளர்ந்து ஷார்ட் ஆகுறது உண்டுதானாம். ஆனா ஐபிஏங்கிற ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு பிரஷ்ஷால தேச்சுக் காயவச்சு அளந்தா, மீட்டர் அசையவே இல்லை. அழுக்கு இல்லை, ஏதோ ஒரு பார்ட்டுக்கு உள்ளேதான் கோளாறு.

எது? அங்கேதான் கஷ்டமே. அந்த 19 வோல்ட் லைன்ல இருந்து பூமிக்குப் போற செராமிக் கெப்பாசிட்டர் போர்டு முழுக்க இறைஞ்சு கிடக்கு. எல்லாம் ஒரே வலைக் கயித்துல கட்டின மிதவை மாதிரி, ஒண்ணு அமுங்கினா மொத்தமும் அமுங்கும். எதுமேல மீட்டர் வச்சாலும் பீப்தான். ஒவ்வொண்ணா கழட்டிப் பாக்கிற ஆளுங்களும் உண்டாம். இவனுக்கு அது பிடிக்காது. "போர்டைக் குத்திக் குத்தியே கொன்னுடுவாங்க"ன்னு திட்டுவான்.

அவன் பண்ணினது இதுதான். முதல்ல அந்த 19 வோல்ட் மெயின் லைன்ல இருந்து ஒவ்வொரு காயிலுக்கும் தடை பாத்தான். காயிலுக்கு முன்னாடி இருக்கிற மேல்பக்க மாஸ்ஃபெட் ஏதாவது ஷார்ட் ஆகியிருந்தா நாம கொடுக்கிற வோல்டேஜ் நேரா சிபியு வாயில போய் விழுமாம். அதெல்லாம் சரியா இருந்தது. அப்புறம் மேஜை பவர் சப்ளையை ஒரே ஒரு வோல்ட்ல வச்சு, கரண்டுக்கு வரம்பு கட்டி, ஷார்ட் ஆன லைன்ல கொடுத்தான். மூணு ஆம்பியர் கிட்ட இழுத்தது. ஒரு வோல்ட், மூணு ஆம்பியர், மூணு வாட். நல்ல பார்ட்டுகளுக்கு அது ஒண்ணுமே இல்லை. ஆனா ஷார்ட் ஆன ரெண்டு மில்லிமீட்டர் கெப்பாசிட்டருக்குள்ளேயே முக்கால்வாசியும் இறங்கினா அது கொதிக்கும். தெர்மல் கேமரா இருந்தா உடனே தெரியுமாம், விலை கேட்டு அண்ணி மயங்கி விழாத குறை. இவன் போர்டு மேல ஐபிஏவைத் தடவினான். எல்லா இடமும் பளபளன்னு ஈரமா இருக்க, ஃபேன் பக்கத்துல ஒரே ஒரு கெப்பாசிட்டர் மேல மட்டும் கண்ணெதிரே காய்ஞ்சுது. நான் தொட்டுப் பாக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டான்.

ஹாட் ஏர்ல அதைத் தூக்கினதும் லைன் கிலோஓமுக்கு ஏறிடுச்சு. செத்த போர்டு ஒண்ணுல இருந்து அதே அளவு, அதே 25 வோல்ட் தாங்குற கெப்பாசிட்டரை எடுத்து வச்சான். அப்பவும் அடாப்டரைச் சொருகலை. பவர் சப்ளையிலயே 19 வோல்ட், கரண்டுக்கு வரம்பு. சும்மா இருக்கையில சில மில்லிஆம்பியர்தான் இழுத்தது. பட்டனை அமுக்கினதும் எண் ஏறுச்சு, ஃபேன் சுத்துச்சு. பாக்கி வச்சிருந்தவங்க முகத்தை நீ பாத்திருக்கணும்!

ஏன் போச்சுன்னு கேட்டேன். அவன் அடிச்சுச் சொல்லலை. செராமிக் பீங்கான் ஜாதி, போர்டு வளைஞ்சா மயிரிழையா விரியும், விரிசல்ல உள் அடுக்கு ஒண்ணோட ஒண்ணு சேந்துக்கும், அப்படி இருக்கலாம்னான். எங்க குழுவுல அத்தனை பேரும் அதை ஒரு மூலையைப் பிடிச்சுத்தான் தூக்குவோம், முறுக்கிக்கிட்டு. கேமுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு கூட்டத்துல எழுந்து சொன்னேன். பொருளாளர் முகம் செத்துப்போச்சு. மறுநாள் பையனுக்கு இறால் வறுவலாம், கேள்விப்பட்டேன்.

என் அண்ணன் மகனுக்கு ஒரே குறை, போர்டோட சர்க்யூட் படம் சுலபமா கிடைக்கிறதில்லை. 2022 டிசம்பர்ல மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்குன்னு ஒரு இணையதளம் திறந்தாங்க. ஆனாலும் இவன் இன்னமும் அந்தப் படத்தை ரிப்பேர் தொழில்ல இருக்கிற யார்கிட்டயாவது கெஞ்சித்தான் வாங்குறான்.

இப்போ உன் விஷயம். உன் லேப்டாப்பையும் இவனுக்கே பார்சல் பண்ணிடு. சூடாகுது, விளக்கு மினுக்குதுன்னு தெரிஞ்ச பிறகும் சார்ஜரைச் சொருகிச் சொருகிப் பாக்காதே, நல்லா இருக்கிறதும் கெட்டுப்போகும். பேட்டரி உப்பியிருந்தா நீ நோண்டாதே, தெரிஞ்சவங்களை வச்சுக் கழட்டு. அதைப் பார்சல்ல வைக்காதே, வாங்கமாட்டாங்க. ஹார்ட் டிஸ்க்கை உன்கிட்டயே வச்சுக்கோ, உன் ரகசியமெல்லாம் இவன் பாக்கவேண்டாம். சார்ஜரைக் கூடவே அனுப்பு, சில நேரம் அதுவே திருடன். சொருகின உடனே விளக்கு மினுக்குச்சா, ஒரேயடியா அணைஞ்சுதான்னு ஒரு வரி எழுது, அதை வச்சே பாதி கண்டுபிடிச்சிடுவான். ஒரு கடையில ஏற்கெனவே என்ன மாத்தினாங்கன்னும் மறைக்காம எழுது.

ஒண்ணு மட்டும். வர்ற வெள்ளிக்கிழமை பொன்னேரியில இருந்து பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்க. அன்னைக்குப் பார்த்து உன் பார்சல் வந்து நிக்கப்போகுது, சனிக்கிழமைக்கு மேல வர்ற மாதிரி அனுப்பு. அண்ணி மேஜை மேல இருக்கிற போர்டையெல்லாம் கட்டிலுக்கு அடியில தள்ளச் சொல்லியிருக்கா.

உன்,
பழைய பெஞ்சுக்காரி