குளோர்புரோ என்று தொடங்கும் இரண்டு மருந்துகள்

ஆயுத பூஜை லீவுக்கு வந்திருந்த பேத்தி, "தாத்தா, நான் பி.பார்ம். சேரப் போறேன். இப்பவே என்ன செய்யணும்?" என்று கேட்டாள். பிளஸ் டூ படிக்கிறாள். "மொதல்ல நீட் எழுது, வரலைன்னா அதைப் பாத்துக்கலாம்" என்று குறுக்கிட்டான் என் மகன். முப்பத்து நாலு வருஷம் அரசு ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலுக்குப் பின்னால் நின்று நான் வளர்த்த பிள்ளை! சுருக்கென்றது.

நீட் எழுதட்டும், வேண்டாமென்று சொல்ல நான் யார்? ஆனால் தமிழ்நாட்டில் பி.பார்ம். கவுன்சலிங்குக்கு நீட் மதிப்பெண் கேட்பதில்லை. பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. கோச்சிங் ஓட்டத்தில் போர்டு தேர்வைக் கோட்டை விட்டுவிட்டு, இரண்டும் இல்லாமல் நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இயற்பியலும் வேதியியலும் கட்டாயம். கூடவே உயிரியலோ கணிதமோ இருக்க வேண்டும். உயிரியல் எடுத்தவளுக்கு முதல் செமஸ்டரில் கொஞ்சம் கணிதம் வைப்பார்கள், கணிதம் எடுத்தவனுக்குக் கொஞ்சம் உயிரியல். நாலு வருஷம், எட்டு செமஸ்டர். டி.பார்ம். என்றால் இரண்டு வருஷமும் ஐந்நூறு மணி நேரப் பயிற்சியும்; அதை முடித்தவர் பி.பார்ம். இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஃபார்ம்.டி. ஆறு வருஷம். எதுவானாலும் அந்தக் கல்லூரிக்கு இந்திய பார்மசி கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லாத இடத்தில் படித்தால் மருந்தாளுநராகப் பதிவு செய்ய முடியாது. கட்டின பணம் போனது போனதுதான்.

இதெல்லாம் அவளே போனில் தேடி எடுத்துக்கொள்ளக்கூடியவை. நான் சொல்ல நினைத்தது வேறு.

பீரோவிலிருந்து பழைய ஆஸ்பிரின் டப்பா ஒன்றை எடுத்து அவள் மூக்கருகே திறந்தேன். "என்ன வாடை?" "ஊறுகா மாதிரி... இல்ல, வினிகர்!" ஈரம் பட்டால் ஆஸ்பிரின் உடைந்து சாலிசிலிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும் ஆகிறது. வினிகரில் இருப்பதும் அதே அசிட்டிக் அமிலம்தான். எஸ்டர் நீராற்பகுப்பு என்று அவள் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்த பாடம் அந்த டப்பாவுக்குள் இருந்தது. ஒரு நிமிஷம் அதை முகர்ந்துகொண்டே நின்றாள். தூக்கிப் போட வேண்டிய டப்பாவை இத்தனை நாள் வைத்திருந்தது என் தப்பு, அது வேறு கதை.

பிறகு என் பயிற்சிக்காலத்துச் சம்பவத்தைச் சொன்னேன். அப்போது எங்களுக்குக் கம்பவுண்டர் என்று பேர். வீட்டிலிருந்து பாட்டில் கொண்டு வந்து மிக்சர் வாங்கிப் போவார்கள். கூட்டம் நெரிந்த ஒரு காலையில் வயசான மனிதர் ஒருவர் சீட்டை நீட்டினார். சர்க்கரைக்குக் குளோர்புரோபமைடு எழுதியிருந்தது. நான் டப்பாவை எடுத்து மாத்திரைகளை எண்ணி, பொட்டலமும் கட்டிவிட்டேன். பக்கத்தில் இருந்த சீனியர் ஒன்றும் பேசாமல் பொட்டலத்தின் மேல் கையை வைத்தார். டப்பாவைத் திருப்பிக் காட்டினார்: குளோர்புரோமசின். மனநோய்க்குக் கொடுப்பது. ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டுக்கும் முதல் எட்டு எழுத்து ஒன்றே. ஒன்பதாவதில் ஒன்றுக்கு 'பி', மற்றதற்கு 'எம்'. "எட்டு எழுத்தோட ஏன்டா நிறுத்தினே?" என்றார். அவ்வளவுதான். கிழவர் எதுவும் தெரியாமல் சரியான மாத்திரையை வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"ஒன் அப்ளிகேஷன்தான் மொத சீட்டு. அதைப் படி" என்றேன் பேத்தியிடம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், சாதிச் சான்றிதழில் 'த்' ஒன்று கூடுதல். இப்படி மூன்று பேரோடு ஒரே பிள்ளை வருவது நம் ஊரில் சர்வசாதாரணம். ஜூன் மாதம் இ-சேவை மையத்தில் வியர்த்துக்கொண்டு நிற்பதைவிட இப்போதே எல்லாவற்றையும் விரித்து வைத்து, கடைசி எழுத்துவரை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. திருத்தம் கேட்டால் வாரக்கணக்கில் இழுக்கும். பிறந்த தேதியும் முக்கியம். சேருகிற வருஷம் டிசம்பர் 31-க்குள் பதினேழு நிறைந்திருக்க வேண்டும்.

அன்று ராத்திரி கூடத்தில் காகிதங்களைப் பரப்பி, ஸ்கேலை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டிருந்தாள். மகனுடைய பழைய சாதிச் சான்றிதழும் அதில் இருந்தது. நான் அதை எத்தனையோ தரம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், ஜெராக்ஸ் போட்டிருக்கிறேன்.

"தாத்தா, இங்க வாங்க. அப்பா சர்ட்டிபிகேட்ல ஒங்க பேரு தப்பா இருக்கு."

கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு குனிந்தேன். ஒரு எழுத்து இல்லை.