சேந்தமங்கலம் வந்த ரோமாபுரிக்காரர்

1623ஆம் ஆண்டு மதுரையை விட்டுக் கிளம்பிய ஒரு துறவி, திருச்சிராப்பள்ளி வழியாகச் சேந்தமங்கலம் வந்து சேர்ந்தார். காவி உடுத்தியவர், மரக்கறி மட்டும் உண்பவர், தமிழும் சமஸ்கிருதமும் கற்றுத் தேர்ந்தவர். தத்துவ போதகர் என்று தமிழ் பேர் வைத்துக்கொண்டவர். ஆனால் அவர் பிறந்தது 1577இல், ரோம் நகரத்தில். ராபர்ட் டி நோபிலி என்பது அவருடைய இயற்பெயர். குடும்பத்தின் பூர்வீகம் டஸ்கனி மாகாணத்தில் உள்ள மோந்தேபுல்சியானோ என்ற மலையூர். அப்போது சேந்தமங்கலத்தை ஆண்டுகொண்டிருந்தவர் மதுரை நாயக்கருக்கு அடங்கிய ராமச்சந்திர நாயக்கர். அவர் இந்த அயல்நாட்டுத் துறவியை மரியாதையோடு வரவேற்றார். அங்கிருந்து நோபிலி சேலம் போனார்.

எங்கள் புதுச்சத்திரத்துக்குச் சேந்தமங்கலம் பக்கத்து ஊர். சேலம் – நாமக்கல் நெடுஞ்சாலையில் நின்று தென்கிழக்கே பார்த்தால் நைனாமலை தெரியும். அதற்கு அந்தப் பக்கம் சேந்தமங்கலம். அதையும் தாண்டிக் கொல்லிமலை நீளமாகப் படுத்திருக்கும். ரோமிலிருந்து ஒருவர் நானூறு வருஷத்துக்கு முன்னால் வந்து கால் வைத்த மண் இது. நான் இங்கிருந்து ரோமுக்குப் போனேன்.

இத்தாலியில் நான் பார்த்தது ரோம், பிளாரன்ஸ், பிறகு நோபிலிக்காகவே போன மோந்தேபுல்சியானோ. மூன்றிலும் என்னை அசத்தியது கலை மட்டுமல்ல. பார்க்கிறவனுக்கு அங்கே கிடைக்கிற துணைதான் என்னை அதிகம் பாதித்தது. கையில் வைத்திருந்த சிறிய வழிகாட்டிப் புத்தகம், எந்தச் சிலைக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும், எந்தத் தேவாலயத்துக்குக் காலையில் போக வேண்டும், எந்த ஓவியத்தில் எந்த மூலையை விடக்கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தது. மோந்தேபுல்சியானோவின் அடிவாரத்தில் சான் பியாஜியோ என்ற தேவாலயம் இருக்கிறது. 1518இல் அந்தோனியோ தா சங்கால்லோ கட்டத் தொடங்கியது. அதை மலை மேலிருந்து ஒரு தடவையும் கீழே கிட்டத்தில் ஒரு தடவையும் பார் என்று புத்தகம் சொன்னது. அப்படியே பார்த்தேன். இரண்டும் வேறு வேறு கட்டடம் போலத்தான் இருந்தன.

ஊர் திரும்பியதும் நம் பக்கத்துக் கல்லையும் கோயிலையும் அதே மாதிரி பார்க்க வேண்டும் என்று கிளம்பினேன். துணைக்கு அக்கா மகள். கோயம்புத்தூரில் கட்டடக்கலை படிக்கிறாள்.

முதலில் நாமக்கல். ஊருக்கு நடுவே சுமார் 200 அடி உயரத்துக்கு ஒரே பாறை எழுந்து நிற்கிறது. அதன் இரண்டு பக்கமும் கி.பி. எட்டாம் நூற்றாண்டில் குடைந்த இரண்டு குகைக் கோயில்கள். மேற்கே நரசிம்மர், கிழக்கே ரங்கநாதர். அதியமான் வழிவந்த குணசீலன் குடைவித்தது என்று கிரந்தக் கல்வெட்டு சொல்கிறது. கோயிலை அதியேந்திர விஷ்ணு கிருகம் என்று பேர் சொல்லியே குறிக்கிறது. ரோமில் பெரிய குவிமாடத்தோடு நிற்கும் புனித பேதுரு பேராலயத்துக்கு 1506இல்தான் அடிக்கல் போட்டார்கள். நாமக்கல் குகைகளுக்கு அப்போதே ஏறக்குறைய எழுநூறு வயது.

நரசிம்மர் கோயிலுக்குப் போகும் முன், எதிரே வெட்டவெளியில் கைகூப்பி நிற்கும் ஆஞ்சநேயரை நின்று பார்க்க வேண்டும். 18 அடி உயரம், தலைக்கு மேலே விமானம் கிடையாது. பிளாரன்ஸில் மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை 5.17 மீட்டர், அதாவது 17 அடி. இரண்டுக்கும் ஓர் அடிதான் வித்தியாசம். தாவீதும் வெட்டவெளியில் நின்றவன்தான். 1504இலிருந்து நகர மண்டபத்து வாசலில் மழையிலும் வெயிலிலும் நின்று, 1873இல்தான் கூரைக்குள் போனான். இன்று அந்த வாசலில் இருப்பது நகல். நம் ஆஞ்சநேயர் இன்னும் வெளியிலேயே நிற்கிறார். வெண்ணெய்க் காப்பும் வடைமாலையும் சார்த்தாத ஒரு விடிகாலையில் போனால்தான் அந்த உடம்பின் வாகு, தோளிலிருந்து முழங்கை வரை இறங்கும் வளைவு, எல்லாம் கண்ணுக்குக் கிடைக்கும்.

உள்ளே நரசிம்மர் உட்கார்ந்திருக்கிறார். இருபுறமும் சூரியனும் சந்திரனும் சாமரம் வீசுகிறார்கள். பலர் சேவித்துவிட்டுத் தீர்த்தம் வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். பக்கச் சுவர்களைப் பார்க்காமல் போகக்கூடாது. இரணியனை மடியில் மல்லாத்திக் கிழிக்கும் நரசிம்மர், பூமாதேவியை ஏந்தி எழும் வராகர், உலகளந்த பெருமாள், அனந்தன் மேல் அமர்ந்த வைகுண்ட நாதர். எல்லாம் தாய்ப்பாறையிலேயே வெட்டிய புடைப்புச் சிற்பங்கள்.

பட்டர் தீபத்தட்டை இரணியன் பக்கம் கொண்டுபோனார். விளக்கு நேராக இருந்தபோது சுவர் சுவராகத்தான் இருந்தது. அவர் தட்டைக் கொஞ்சம் பக்கவாட்டில் தாழ்த்தியதும் இரணியனின் விலா எலும்பு ஒவ்வொன்றும் நிழல் கட்டி எழுந்து வந்தது. நரசிம்மரின் விரல்கள் வயிற்றுக்குள் புதைந்த இடம் கறுப்பாக ஆழம் காட்டியது. "இப்படி வந்து நில்லுங்கோ, இங்கேர்ந்து பார்த்தாத்தான் அவர் முகம் தெரியும்" என்று பட்டர் எங்களை இரண்டடி நகர்த்தினார். பிளாரன்ஸில் புத்தகம் எனக்குச் செய்ததை இங்கே அவர் செய்தார்.

அக்கா மகள் வெகுநேரம் பேசாமல் நின்றுவிட்டுக் கேட்டாள். "உளி ஒரு தடவை வழுக்கியிருந்தா என்னங் மாமா பண்ணியிருப்பாங்க?"

"வழுக்க விட்டிருக்கவே மாட்டாங்க கண்ணு."

அவள் கேட்டதில் அர்த்தம் இருக்கிறது. தாவீதைச் செதுக்கிய கராரா பளிங்கு மென்மையான கல். நாமக்கல் பாறை கருங்கல் இனம், அதைவிடப் பல மடங்கு கடினம். பளிங்குப் பாளத்தைப் பட்டறையில் நிறுத்திச் சுற்றிச் சுற்றி வந்து வேலை செய்யலாம். மலையைத் திருப்ப முடியாது. முன்னாலிருந்து பின்னால் மட்டும் குடைந்துகொண்டே போக வேண்டும், உள்ளே போகப் போக வெளிச்சம் குறையும், தவறினால் மாற்ற வேறு கல் இல்லை. மைக்கேலாஞ்சலோவின் மேல் எனக்குள்ள பக்தி துளியும் குறையவில்லை. ஆனால் பேர் தெரியாத நம் சிற்பியையும் அதே வரிசையில் உட்கார வைத்தே தீர வேண்டும் என்று அந்தக் குகையில் நின்றபோது தோன்றியது. இன்றும் அதே எண்ணம்தான்.

நாமகிரித் தாயாரையும் சேவித்துவிட்டு வர வேண்டும். கணித மேதை ராமானுஜனின் குலதெய்வம்.

ரங்கநாதர் கிழக்குச் சரிவில் இருக்கிறார். அங்கே காலையில்தான் போக வேண்டும். ஸ்ரீரங்கத்தில் ஆதிசேஷன் மேல் படுத்திருப்பவர் இங்கே கார்க்கோடகன் மேல் படுத்திருக்கிறார். பக்கச் சுவரில் சங்கரநாராயணர் இருக்கிறார். சிவனும் திருமாலும் ஓருடம்பில், பாதிக்குப் பாதி. வைணவக் குகையில் அந்த உருவத்துக்கு இடம் கொடுத்திருக்கும் மனசை நினைத்துப் பார்த்தால் எட்டாம் நூற்றாண்டு நமக்கு ரொம்ப நெருங்கி வந்துவிடுகிறது.

பாறை உச்சியில் கோட்டை. பாறையிலேயே வெட்டிய குறுகிய படிகள். வெயில் ஏறுமுன் ஏறிவிட வேண்டும். ஒன்றரை ஏக்கர் அளவுக்குச் சமதளம், சுற்றிலும் கொத்தளத்தோடு மதில், உள்ளே ஒரு பெருமாள் கோயில். பதினேழாம் நூற்றாண்டில் இதைக் கட்டியவர் என்று சொல்லப்படுபவர் வேறு யாருமல்ல, நோபிலியை வரவேற்ற அதே சேந்தமங்கலம் ராமச்சந்திர நாயக்கர். மைசூர் அதிகாரி ஒருவர் கட்டினார் என்றும் ஒரு பேச்சு உண்டு. மதிலோரம் நின்றால் கீழே கமலாலயக் குளம், லாரிகளுக்குக் கூடு கட்டும் பட்டறைகள், தூரத்தில் நீள நீளமான கோழிப்பண்ணைக் கூரைகள். மோந்தேபுல்சியானோவில் மதில் மேல் நின்றால் திராட்சைத் தோட்டம் தெரியும். நமக்குக் கோழிப்பண்ணையும் மரவள்ளிக் காடும். ஊர் பிழைக்கும் பிழைப்பு மேலேயிருந்து பார்க்கும்போது தெரியத்தானே வேண்டும்.

மதிலில் காதலர் பேர்களைக் கரியாலும் பெயிண்டாலும் எழுதி வைத்திருக்கிறார்கள். கண்ணில் பட்டபோது வயிறு எரிந்தது.

கீழே இறங்கினால் நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை வாழ்ந்த வீடு, இன்று நினைவு இல்லம். 1888இல் மோகனூரில் பிறந்தவர். கவிஞராக அறியப்படும் முன்னால் அவர் ஓவியர் என்பது இங்கே வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

சேந்தமங்கலத்துக்கு நாமக்கல்லிலிருந்து அடிக்கடி பஸ் இருக்கிறது. நாயக்கர் காலத்துத் தலைநகரம் என்பதற்கான ஆடம்பரம் ஒன்றும் இப்போது கண்ணில் படாது. கடைவீதியும் கோயிலும் சந்தையுமாக உழைக்கும் ஊர். நைனாமலைக்கு மட்டும் தனியாக ஒரு நாள் வையுங்கள். உச்சியில் வரதராஜப் பெருமாள். படிகள் ஆயிரக்கணக்கில், செங்குத்தாக. புரட்டாசி சனிக்கிழமைகளில் எங்கள் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள். ராசிபுரத்தில் கைலாசநாதர் கோயில், வல்வில் ஓரியோடு சேர்த்துப் பேசப்படுவது. ஆர். கே. நாராயண் பேரில் வரும் ஆர் இந்த ராசிபுரம்தான்.

இனி தாரமங்கலம். சேலத்திலிருந்து மேற்கே ஏறக்குறைய 27 கி.மீ. கெட்டி முதலிகள் எடுப்பித்த கைலாசநாதர் கோயில், பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு வேலை. மேற்குப் பார்த்த சன்னதி. ராஜகோபுரத்தின் அடியை யானையும் குதிரையும் இழுக்கும் தேராகவே செதுக்கிவிட்டார்கள். உள் மண்டபத்தில் பாயும் யாளிகள். ஒரு சிங்கத்தின் வாயில் கல் உருண்டை. விரலை விட்டு உருட்டினால் உருளும், வெளியே எடுக்க வராது. பல்லுக்குப் பின்னால் வைத்தே கடைந்திருக்கிறார்கள். நிமிர்ந்து பார்த்தால் கூரையில் தாமரை, அதைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கிக் கொத்தும் கிளிகள்.

இங்கே நான் அதிகம் நின்றது வாலி, சுக்ரீவன், ராமன் இருக்கும் தூண்களிடம். ஒரு தூணில் வில்லோடு ராமன். எட்ட இருக்கும் தூணில் வாலியும் சுக்ரீவனும் சண்டை போடுகிறார்கள். ராமன் பக்கத்தில் போய் நின்றால் வாலி தெரிகிறான். வாலி நிற்கும் இடத்திலிருந்து திரும்பிப் பார்த்தால் ராமன் தெரியவில்லை, நடுவில் வேறு தூண்கள் மறைக்கின்றன. மறைந்து நின்று அம்பு விட்ட கதையைக் கல்லில் சொல்வதற்கு மண்டபத்தின் தூண் வரிசையையே பயன்படுத்தியிருக்கிறார்கள். அக்கா மகள் மாறி மாறி இரண்டு இடத்திலும் போய் நின்று பார்த்துவிட்டு, நோட்டில் தூண்களைப் புள்ளி வைத்துக் கோடு இழுத்தாள். "இது சிற்பம் மட்டும் இல்லீங் மாமா, கட்டடத்தோட வரைபடத்துலயே இருக்குது" என்றாள்.

ரோமில் பொர்கேசே மாளிகையில் பெர்னினியின் 'அப்போலோவும் தாப்னேயும்' என்ற சிலை இருக்கிறது. தாப்னேயின் விரல்நுனி இலையாக மாறும் அந்தக் கணத்தைப் பளிங்கில் பிடித்தவர் அவர். அதுவும் பார்க்கிறவன் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்த சிற்பம். முதலில் வைத்திருந்த இடத்தில், அறைக்குள் நுழைகிறவனுக்கு ஓடும் அப்போலோவின் முதுகுதான் தெரியும். சுற்றி வர வரத்தான் பெண் மரமாவது தெரியும். அந்தச் சிலையைப் பெர்னினி செதுக்கிய வருஷங்கள் 1622 முதல் 1625 வரை. ரோமில் பிறந்த நோபிலி சேந்தமங்கலம், சேலம் வட்டாரத்தில் நடமாடியதும் அந்த வருஷங்களில்தான். ஒரே காலம், அங்கே பளிங்கு, இங்கே கருங்கல். நம் சேலம் நாமக்கல் சமவெளி அன்றைக்கு ஒதுக்குப்புறமாக இருக்கவில்லை. இத்தாலிய மறுமலர்ச்சியும் அதன் தொடர்ச்சியும் என்று உலகம் கொண்டாடும் காலத்தில், சொந்தக் கணக்கோடு, சொந்தத் தெம்போடு இங்கேயும் பெரிய வேலை நடந்துகொண்டிருந்தது.

இதைச் சொல்லும் பலகை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. பட்டர் இல்லாத நேரம் போயிருந்தால் இரணியனின் விலா எனக்குத் தெரிந்திருக்காது. எந்தத் தூணருகே நிற்க வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லையென்றால் தாரமங்கலத்து ராமனை வெறும் வில்லாளி என்று நினைத்துக் கடந்துபோயிருப்போம். பிளாரன்ஸுக்கு இருக்கும் கையேடு நாமக்கல்லுக்கும் வேண்டும். எட்டுப் பக்கம் போதும்: வரைபடம், நிற்க வேண்டிய இடம், போக வேண்டிய நேரம், தொடக்கூடாதவை.

அது வரும் வரைக்கும் என் பங்குக்குச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். நாமக்கல்லுக்குச் சனிக்கிழமையும் அமாவாசையும் அனுமன் ஜெயந்தியும் வேண்டாம், கூட்டத்தில் சுவரைப் பார்க்க முடியாது. சாதாரண நாளில் விடியலில் ஆஞ்சநேயர், அடுத்து ரங்கநாதர், பிறகு கோட்டை, இறங்கி வந்து நரசிம்மர். தாரமங்கலத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள், தூண் தூணாகப் பாருங்கள். பட்டரிடமும் குருக்களிடமும் கூச்சப்படாமல் கேளுங்கள், ஆசையாகக் கேட்டால் ஆசையாகக் காட்டுகிறார்கள். புதுச்சத்திரம், ராசிபுரம் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊட்டிக்கும் மைசூருக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் முன்னால், ஒரு தடவை டவுன் பஸ் பிடித்து இந்தப் பாறைக்குக் கூட்டி வாருங்கள். ஆளுக்கொரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, ஏதாவது ஒரு சிற்பத்தின் முன்னால் உட்கார வைத்து வரையச் சொல்லுங்கள்.