உள்ளங்கை அளவுக் காற்றாடி

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. பிற ஊரார் இதனை வெறும் உயர்வு நவிற்சி என்று எண்ணக்கூடும். தேவாரத்தில் பிறந்தவர்கள் அப்படி எண்ண மாட்டார்கள். வைகாசி கழியும்போதே மேற்கு மலையின் இடைவெளிகளில் நுழைந்து இறங்கும் காற்று, புரட்டாசி வரையில் எங்கள் ஊரை விட்டு நீங்குவதில்லை. தமிழகத்துக்குக் காற்றைக் கொண்டுவரும் கணவாய்கள் என்று ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் ஆகிய நான்கினைச் சொல்வார்கள். எங்கள் பகுதி மானாவாரி நிலங்களில் காற்றாலைகள் வந்து நிற்பதற்கும் அதுவே காரணம்.

அந்தப் பெரிய காற்றாடிகளைப் பற்றி நான் எழுத வரவில்லை. என் அக்காவின் கணிப்பொறிக்குள் இருந்த, உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு காற்றாடியைப் பற்றியே எழுதுகிறேன். பெரிய காற்றாடிகளைச் சுழற்றும் அதே காற்றுதான் செம்மண் தூசியை வாரிக்கொண்டு வந்து இந்தச் சின்னக் காற்றாடியை நிறுத்தப் பார்த்தது!

எங்கள் வீட்டுக் கணிப்பொறி புதியதன்று. அம்மா விடியுமுன் ஜீப்பில் ஏறி, மலைக்கு மேலே கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர். தேவாரம், கோம்பை, போடி ஆகிய ஊர்களின் விடியற்காலையை அறிந்தவர்களுக்கு அந்த ஜீப்புகளைப் பற்றி நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அவர் போட்ட சீட்டு விழுந்தபோது அந்தப் பணத்தில் பழைய மேசைக் கணிப்பொறி ஒன்றும், அச்சுப்பொறி ஒன்றும் வாங்கினோம். அக்கா அதை முன்னறையில் வைத்துத் தட்டச்சு செய்து தருவார். பள்ளிப் பிள்ளைகளுக்கும் வேலை தேடுவோருக்கும் விண்ணப்பம் நிரப்பித் தருவார். என் பேருந்துச் செலவும் புத்தகச் செலவும் அதில்தான் நடக்கின்றன. ஆகவே அந்தப் பெட்டி எங்களுக்கு விளையாட்டுப் பொருளன்று. வீட்டில் கட்டியிருக்கும் கறவை மாடு.

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் அதிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. முதலில் வண்டு முரல்வது போல இருந்தது. பத்து நாளில் கரகரவென்று ஆயிற்று. பகலில் தெருச்சத்தத்தில் அது அமுங்கிவிடும். இரவில் ஒரே அறைக்குள் படுத்திருப்பவர்களுக்கு எப்படி அமுங்கும்?

“என்னத்தா இது, மாவு மில்லு கணக்கா சத்தம் போடுது? நான் நாலு மணிக்கு எந்திரிக்கணும்ல” என்றார் அம்மா.

அக்கா இரவு வேலையை நிறுத்திக்கொண்டார். பகலில் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். தட்டச்சு வேலை இரவில்தான் நடக்கும். கைப்பிரதிகள் மேசைமேல் குவிந்தன. கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பத்துக்குக் கடைசி நாளன்று, பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி சான்றிதழ்களோடு வந்து உட்கார்ந்திருந்தபோது பெட்டி தானாக அணைந்துபோயிற்று. மீண்டும் போட்டோம், கால் மணி நேரத்தில் மீண்டும் அணைந்தது. அப்பெண்ணின் முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னவோ செய்கிறது. கடைசியில் அக்கா தன் கைப்பேசியிலேயே ஒவ்வொரு கட்டமாகத் தேடித்தேடி நிரப்பி, இரவு பதினொரு மணிக்கு அனுப்பி வைத்தார்.

மறுநாள் பெட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பக்கத்து நகரக் கடை ஒன்றுக்குப் போனோம். கடைக்காரர் மின்சாரம் கொடுத்தார், சத்தத்தைக் கேட்டார், அது அணையும் வரை காத்திருந்தார். “மதர்போர்டு போச்சு தம்பி. 4,500 ஆகும். அதுக்கு இதைக் கொடுத்துட்டு வேற எடுத்துக்கங்க” என்றார். பெட்டியின் பக்கத் தகட்டை அவர் கழற்றவே இல்லை! நாடி பிடித்துப் பாராமலே நாள் குறிக்கும் வைத்தியரைப் போல இருந்தது. அக்கா ஒன்றும் பேசாமல் சாக்கை எடுத்துச் சுற்றினார்.

ஊரில் பேருந்து விட்டு இறங்கிய இடத்திற்கு அருகே, கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறை ஒன்று உண்டு. அந்த அண்ணனிடம் வீட்டு மின்விசிறியைக் கொடுத்திருந்தோம். அதை வாங்கப் போன இடத்தில் பேச்சுவாக்கில் இதையும் சொன்னோம். அவர் கணிப்பொறியைத் தொட்டறியாதவர். “மூடியத் திறங்க, சத்தத்தக் கேப்போம்” என்றார். திறந்து மின்சாரம் கொடுத்ததும், நீண்ட திருப்புளியின் முனையை விசிறியின் ஓரச் சட்டத்தில் வைத்து, பிடியைத் தம் காதோடு ஒட்டிக்கொண்டார். ஐந்து வினாடி கூட ஆகவில்லை. “புஷ் தேஞ்சிருக்கு தம்பி. போர்டாவது கீர்டாவது!”

கிணற்று மோட்டாரைப் பற்றி அவர் சொன்னதும், பிறகு நான் படித்தறிந்ததும் ஒன்றாகவே இருந்தன. சுழலும் தண்டைத் தாங்குவதற்கு இரண்டு வழிகள் உண்டு. உருளும் குண்டுகள் வைத்த பேரிங் ஒன்று. வெறும் குழல் வடிவில் அமைந்த புஷ் மற்றொன்று. மலிவான விசிறிகளில் புஷ்தான் இருக்கும். வெண்கலத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்த அக்குழலின் நுண்துளைகளில் எண்ணெய் ஊறியிருக்கும். வெப்பத்தில் அந்த எண்ணெய் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக வற்றும். அப்புறம் உலோகம் உலோகத்தோடு உரசும். அதிலும் நம் மேசைக் கணிப்பொறிகளில் பெட்டி நிமிர்ந்து நிற்பதால், விசிறியின் தண்டு படுக்கை வாட்டில் கிடக்கிறது. இறக்கைகளின் எடை எப்போதும் புஷ்ஷின் அடிப்பக்கத்திலேயே தொங்குகிறது. கிணற்று ராட்டினத்தில் அச்சு ஒரு பக்கமாகவே தேயும் அல்லவா? அதே கதைதான். வட்டத்துளை முட்டை வடிவாகிவிட்டால் இறக்கை தள்ளாடும், தள்ளாட்டமே சத்தம். “ஒரு சொட்டு எண்ணெய் விட்டா ஒரு மாசம் ஓடும். மாத்திடுறதுதான் நல்லது” என்றார் அண்ணன்.

அப்படியானால் பெட்டி ஏன் அணைந்தது? விசிறிக்கு அடியில் அலுமினியத் தகடுகள் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல விரிந்திருக்கின்றன. அவற்றின் இடுக்குகளில் எங்கள் ஊர்ச் செம்மண் தூசியும் பஞ்சும் சேர்ந்து கம்பளி போல அப்பிக் கிடந்தன. காற்று போக வழியில்லை. சூடு ஏறினால் விசிறியை இன்னும் வேகமாகச் சுற்றச் சொல்வது மதர்போர்டின் இயல்பு. தேய்ந்த புஷ் வேகமாகச் சுற்றினால் சத்தம் இன்னும் கூடும். அப்படியும் சூடு தணியாவிட்டால் செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதற்கும் மேலே போனால் எரிந்துபோகாமல் இருக்கத் தன்னைத் தானே அணைத்துக்கொள்கிறது. கடைக்காரர் செத்துவிட்டதாகச் சொன்ன பொறி, உண்மையில் தன் உயிரைக் காத்துக்கொண்டிருந்தது!

இந்தச் சூட்டின் வரலாறு சுவையானது. வரலாறு படிக்கும் மாணவன் ஆதலால் இதைச் சொல்லாமல் கடந்து போக எனக்கு மனமில்லை. 1946இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் இயங்கிய எனியாக் என்னும் கணிப்பொறியில், பழைய ரேடியோவில் இருக்கும் வால்வு போன்ற குழல்கள் ஏறத்தாழ 18,000 இருந்தன. அது 150 கிலோவாட் மின்சாரம் உண்டது. அதன் சூட்டை வெளியேற்ற விசிறிகள் ஊதிக்கொண்டே இருந்தன. வால்வு போய்ச் சில்லு வந்த பிறகு சூடு குறைந்தது. ஆனால் விரைவிலேயே சில்லுக்குள்ளும் சூடு புகுந்துகொண்டது. 1993இல் வந்த முதல் பென்டியம் 16 வாட் வரை சூட்டை உமிழ்ந்தது. எங்கள் பெட்டியில் இருப்பது 2011இல் வெளிவந்த இனம். அதன் கணக்கு 65 வாட். பழைய 60 வாட் குண்டு பல்பு எரியும்போது தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். அவ்வளவு சூடும் இங்கே கட்டைவிரல் நகத்தளவு சில்லுக்குள் பிறக்கிறது!

செயலிக்கு மட்டுமின்றி, மதர்போர்டில் அதற்குத் துணையாக நிற்கும் சில்லுக்கும் தனியாகச் சிறு விசிறி வைத்த காலம் ஒன்று உண்டு. 2004, 2005ஆம் ஆண்டுகளில் வந்த என்ஃபோர்ஸ்-4 வகைப் பலகைகள் பலவற்றில் அந்தக் குட்டி விசிறியின் கீச்சொலி உலகெங்கும் வசவு வாங்கியது. பிறகு அந்தச் சில்லின் வேலைகளுள் பெரும்பகுதி செயலிக்குள்ளேயே போய்விட, விசிறியும் மறைந்தது. 2019இல் எக்ஸ்-570 வகைப் பலகைகளில் அது மீண்டும் தலைகாட்டியது. இரண்டே ஆண்டில் விசிறியில்லாத மறுபதிப்புகளைக் கொண்டுவந்தார்கள். சத்தத்தைப் பொறுக்காதவர்கள் எங்கள் அம்மா ஒருவர் மட்டுமல்லர் போலும்.

புதிய விசிறி வாங்கப் போகிறவர்கள் முதலில் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். இன்டெல் பலகைகளில் விசிறியின் நான்கு கால்கள் நுழையும் துளைகளுக்கு இடைப்பட்ட தூரம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 2004இல் வந்த 775 வகைக்கு 72 மில்லிமீட்டர். 2009 முதல் வந்த 1156, 1155 முதலிய வகைகளுக்கு 75. 2021இல் வந்த 1700 வகைக்கு 78. எங்களுடையது 75. அலுமினியத் தகடோடு சேர்ந்த விசிறி தேனியில் 350 ரூபாய்க்குக் கிடைத்தது. வெப்பம் கடத்தும் பசையும் சிறு பொட்டலத்தில் உடன் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வேலையைத் தொடங்கினோம். முதலில் ஐந்து நிமிடம் பெட்டியை ஓடவிட்டோம். பழைய பசை சற்று இளகினால்தான் தகடு எளிதில் பிரியும். பிறகு மின்கம்பியைப் பிடுங்கி, உள்ளே தங்கிய மின்சாரம் தீரும்படி பொத்தானை ஒருமுறை அழுத்தினோம். கையிலுள்ள நிலைமின்சாரம் சில்லுகளுக்கு ஆகாது என்பதால் பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டோம். எந்தக் கம்பி எங்கே இருந்தது என்பதை அக்கா கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார். விசிறிக்கு நான்கு கம்பிகள். கறுப்பும் மஞ்சளும் மின்சாரம். பச்சை, சுற்றுக்கு இரண்டு துடிப்பாக வேகத்தைச் சொல்லி அனுப்புவது. நீலம், வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ பலகை இடும் கட்டளை. கால்களின் தலையில் அம்புக்குறி போட்டிருக்கிறது. அந்தப் பக்கமாகக் கால் சுற்று திருகி, ஒவ்வொன்றாக மேலே இழுத்தோம். தகட்டை வெடுக்கென்று பிடுங்காமல், இடமும் வலமுமாக மெல்லத் திருப்பியதும் கழன்று வந்தது.

செயலியின் முதுகில் பழைய பசை, காய்ந்த சுண்ணாம்பு போல வெடித்துக் கிடந்தது. ஸ்பிரிட் நனைத்த வெள்ளைத் துணியால் கண்ணாடி போல மின்னும்வரை துடைத்தேன். புதுப் பசையை நடுவில் ஒரு துவரம்பருப்பு அளவு வைத்தால் போதும். அலுமினியத்துக்கும் செயலிக்கும் இடையிலுள்ள கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களில் காற்று தங்காமல் நிரப்புவதே அதன் வேலை. அள்ளி அப்பினால் அதுவே தடையாகிவிடும்.

கால்களை அழுத்திப் பொருத்துவதற்குத்தான் மிகுந்த பொறுமை வேண்டியிருந்தது. பெட்டிக்குள் வைத்தபடியே அழுத்தினால் பலகை வளையும். ஆகவே திருகுகளைக் கழற்றிப் பலகையையே வெளியே எடுத்து, மேசையில் செய்தித்தாள் விரித்து அதன்மேல் வைத்தோம். மூலைக்கு மூலையாக இரண்டிரண்டு கால்களைச் சேர்த்து அழுத்த, ‘டக்’கென்று சத்தம் வர வேண்டும். மூன்று வந்தன, நான்காவது வரவில்லை. பலகையைப் புரட்டிப் பார்த்து, நான்காவதை நேராக்கி மறுபடி அழுத்தினோம். வந்தது.

எல்லாவற்றையும் பூட்டி மின்சாரம் கொடுத்தபோது மணி ஏழு. பயாஸ் திரையில் முன்பு 80ஐத் தாண்டி நின்ற வெப்பம் 44 டிகிரி என்று காட்டியது. விசிறி நிமிடத்துக்கு 1,150 சுற்று. பக்கத்தில் காதை வைத்தால்தான் ஓடுவது தெரிந்தது. அன்றிரவு அக்கா ஒரு மணி வரை தட்டச்சு செய்தார். இடையில் விழித்துக்கொண்ட அம்மா, “என்னத்தா, மிசினு நின்னு போச்சா?” என்று பதறி எழுந்து உட்கார்ந்துவிட்டார்!

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணன்மார் வாங்கிய கணினிகள் எங்கள் தெருவில் இரண்டு வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. “சூடாகி நின்னுபோகுது” என்பதே இருவரும் சொன்ன காரணம். பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022இல் ஒரு குழு அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் இணையதளமும் திறந்தது. நல்ல செயல்தான். ஆனாலும் மூடியைத் திறந்து பார்க்கச் சோம்பும் கடைக்காரரை எந்தச் சட்டம் என்ன செய்யும்? அடுத்த விடுமுறையில் அந்தப் பரண்களில் ஏறுவதாக இருக்கிறேன்.

பழைய விசிறியைக் காயில் அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இறக்கையை நெம்பி எடுத்து உள்ளே காட்டினார். வளையக் காந்தம், அதன் நடுவே நான்கு சின்னக் காயில்கள், அவற்றின் நடுவே அந்தப் புஷ். தண்டை அதில் விட்டு அசைத்தால் தொளதொளவென்று ஆடியது. காயில்களை விரல்நுனியால் எண்ணிப் பார்த்த அவர், “நம்ம மோட்டாரு கணக்காத்தான் இருக்கு. எத்தனை சுத்து சுத்தியிருப்பான்?” என்று கேட்டுக்கொண்டே கண்ணாடியைத் தேடினார்.