வெப்பத்துக்குக் கடப்பிதழ் தேவையில்லை

என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறி சிங்கப்பூர் வந்தபோது முதலில் இறங்கியது செயின்ட் ஜான்ஸ் தீவில். தொற்றுநோய் இல்லையென்று உறுதியாகும்வரை பயணிகளை அங்கே வைத்திருந்து, பிறகுதான் நகருக்குள் விடுவார்கள். அந்தத் தீவென்றால் அவர் நினைவில் நின்றவை மருந்து நெடியும் நீண்ட வரிசையும்தான். சுற்றியிருந்த நீருக்கடியில் ஒரு பவளக்காடு இருந்ததை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

நம்மில் பலருக்கு இன்றும் அது தெரியாது. கப்பல்கள் வரிசைகட்டி நிற்கும் நம் கடலில் ஏறக்குறைய 250 வகைக் கடினப் பவளங்கள் வாழ்கின்றன. நில மீட்புப் பணிகளால் நம் பவளப்பாறைகளில் பெரும் பகுதியை இழந்த பிறகும் இத்தனை எஞ்சியுள்ளன. 2024 டிசம்பரில், குறைந்தது பத்து ஆண்டுகளில் 100,000 பவளங்களை நடும் திட்டத்தைத் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கியது.

அந்தச் செய்தியைப் படித்த என் மகள், உயர்நிலை இரண்டில் படிப்பவள், கேட்டாள்: “அப்பா, கடல் மறுபடியும் சூடானா நட்டதெல்லாம் செத்துப்போயிடாதா?”

நியாயமான கேள்வி. பவளத்தின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பவளத்துக்கு நிறம் தருவதும் உணவில் பெரும்பங்கு தருவதும் அவைதான். கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு பாகை கூடுதலான சூடு சில வாரங்கள் நீடித்தாலே பவளம் பாசியை வெளியேற்றிவிடும். வெளுத்துப்போன பவளம் உடனே சாவதில்லை, பட்டினி கிடக்கிறது. விரைவில் நீர் குளிர்ந்தால் பிழைக்கும். நம் கடலில் 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் இப்படி வெளுத்தது. 2024ல் உலகக் கடல்கள் பலவற்றிலும் இதே நிலை.

பூமியில் தேங்கும் கூடுதல் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. அந்த வெப்பத்தை உண்டாக்கும் உலகக் கரிம உமிழ்வில் சிங்கப்பூரின் பங்கு சுமார் 0.1 விழுக்காடு. தாத்தாவை நிறுத்தி வைத்ததுபோல் கடல் வெப்பத்தை எந்தத் தீவிலும் நிறுத்தி வைக்க முடியாது. அதற்குக் கடப்பிதழ் தேவையில்லை. ஆகவே நாடுகள் கூடிப் பேசுவதைத் தவிர வேறு வழியில்லை.

அந்தப் பேச்சு மேசையில் சிறிய நாடுகளுக்கு இருக்கும் இடம் சிறியதல்ல. 1982ல் உருவான ஐநா கடல் சட்ட ஒப்பந்தத்தின் இறுதிக் கட்டத்தில் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் நம் பேராசிரியர் டாமி கோ. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடலைக் காக்கும் ஒப்பந்தத்துக்கான மாநாட்டை நடத்தியவர் நம் தூதர் ரெனா லீ. ஏறத்தாழ இருபது ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 2023 மார்ச் 4ஆம் தேதி, விடிய விடிய நடந்த பேச்சின் முடிவில், கப்பல் கரை சேர்ந்துவிட்டது என்று அவர் அறிவித்தார். 2024 மே மாதம், சிறிய தீவு நாடுகள் கேட்டதன்பேரில், கடல் சட்டத்துக்கான அனைத்துலக நடுவர் மன்றம் மனிதர்கள் வெளியேற்றும் பசுமை இல்ல வாயுக்களும் கடலை மாசுபடுத்துபவையே என்று கருத்துரைத்தது.

அண்டை நாடுகளும் சேர்ந்து செயல்படுகின்றன. 2009 முதல் மலேசியா, இந்தோனீசியா, பிலிப்பீன்ஸ் உள்ளிட்ட ஆறு நாடுகள் பவள முக்கோணப் பகுதியைக் காக்க ஒன்றிணைந்துள்ளன. சாபாவின் செம்பொர்னா கடலும் அதில் அடங்கும். பவளத்தின் இளம் உயிர்கள் நீரோட்டத்தில் மிதந்து அடுத்த நாட்டுக் கடலில் போய் ஒட்டி வளரக்கூடியவை. அவற்றுக்கு எல்லைக்கோடு தெரியாது.

இந்த ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டதும் தண்ணீர் குளிர்ந்துவிடாது என்பதை மகளிடம் மறைக்கவில்லை. வெப்பநிலை உயர்வு 1.5 பாகையில் நின்றாலும் உலகின் வெப்பக்கடல் பவளங்களில் 70 முதல் 90 விழுக்காடு அழியும் என்று ஐநா பருவநிலை அறிவியலாளர் குழு 2018ல் கூறியது. 2 பாகையானால் 99 விழுக்காட்டுக்கும் மேல். அந்த அரை பாகைதான் கொஞ்சமாவது எஞ்சுவதா, ஒன்றுமே இல்லாமல் போவதா என்பதை முடிவு செய்யும். கொஞ்சம் எஞ்சினால், அதிலிருந்து மறுபடி வளர்க்கலாம். இப்போது நடும் பவளங்கள் அதற்கான விதைநெல்.

இந்தப் பேச்சுக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் மாறியிருக்கிறது. டன்னுக்கு 25 வெள்ளியாக இருந்த கரிம வரி 2026ல் 45 வெள்ளியாவதைக் கேட்டதும், மின்கட்டணம் என்னாகுமோ என்று என் மனைவி கவலைப்பட்டார். கவலை நியாயம்தான், எங்கள் வீட்டுக் குளிரூட்டி நள்ளிரவில் நிற்கத் தொடங்கிவிட்டது. ஆனால் ஐநா மாநாடு, உமிழ்வு இலக்கு என்று நாளிதழில் வரும் செய்திகளை இப்போது நாங்கள் புரட்டிவிட்டுப் போவதில்லை. மகள்தான் முதலில் படிக்கிறாள். பவளம் நடும் பணிக்குத் தொண்டூழியராகச் சேர எங்கள் இருவர் பெயரையும் அவளே பதிந்துவிட்டாள்.